சிப்பியை அறிந்து சமையுங்கள்



1838-ஆம் ஆண்டு மதுரை மறைபணித் தளத்திற்கு வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களைத் திருச்சி மக்கள் மறக்கவில்லை. 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் நிறுவிய கல்லூரி 1883-இல் நம் நகருக்கு மாறி, தூய வளனார் கல்லூரியாக இன்றும் விளங்குகிறது. அவர்கள் தந்த கல்வியை நாம் அறிவோம். அவர்கள் நாட்டு அடுப்பங்கரையை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அந்நாட்டுக் கடற்கரை மக்களின் எளிய உணவு சிப்பி. இறைச்சியைத் தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகளுக்கும் அது ஏற்றதே.

அவற்றுள் தலையாயது 'மூல் மரினியேர்' என்பது. மாலுமிகளின் முறையில் சமைத்த சிப்பி என்பது அதன் பொருள். நால்வருக்கு ஓட்டுடன் 2 கிலோ சிப்பி வேண்டும். அகன்ற பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். பிரெஞ்சுக்காரர் இதில் வெள்ளைத் திராட்சை இரசம் சேர்ப்பர். நமக்கு அரைக் குவளை நீரும் ஓர் எலுமிச்சம்பழச் சாறும் போதும். சிப்பியைக் கொட்டி, மூடி, தீயைப் பெரிதாக்குங்கள். ஓடுகள் திறந்தபின் மேலும் ஐந்து நிமிடம் வேகட்டும். மிளகுத்தூளும் கொத்தமல்லித் தழையும் தூவி இறக்குங்கள். சிப்பிக்குள் கடல்நீர் இருப்பதால் உப்பு வேண்டா. நார்மண்டியில் இத்துடன் பாலேடு சேர்ப்பர். மேற்குக் கடற்கரையினரின் 'மூக்லாத்' என்னும் உணவிலோ, பாலேட்டுடன் முட்டை மஞ்சள் கருவும், குங்குமப்பூ அல்லது நம் கறி மசாலாத் தூளும் சேரும்!

சமையல் எளிது, சிப்பியைத் தேர்வதிலேதான் கவனம் வேண்டும். குளச்சல், முட்டம், கடியபட்டினம் கடலோரங்களில் நம் மீனவச் சகோதரர்கள் மூழ்கிப் பாறைகளிலிருந்து பெயர்த்தெடுக்கும் சிப்பி, 300 கிலோமீட்டருக்கும் மேல் கடந்தே திருச்சியை அடைய வேண்டும். நம் ஊர் வெயிலோ கொடியது. எனவே பனிக்கட்டியின் மேல், ஈரத்துணி போர்த்தி வந்ததையே வாங்குங்கள். நன்னீரில் ஊறவைத்தால் அது மடியும். வாய் திறந்திருப்பதைத் தட்டுங்கள். மூடிக்கொண்டால் உயிர் உண்டு, மூடாவிடில் எறிந்துவிடுங்கள். உடைந்ததும், வெந்தபின் திறவாததும் உணவுக்கு ஆகா. ஓட்டைத் தேய்த்துக் கழுவி, தாடிபோல் தொங்கும் நாரைச் சமைக்கும் வேளையில் இழுத்தகற்றுங்கள்.

கடற்சிப்பி கிடைக்காதபோது, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் இடையே ஓடும் காவிரியில் பொறுக்கிய மட்டியை அதற்கு ஈடாக்கலாமா? கூடாது. இவ்வுயிர்கள் நீரை உறிஞ்சி வடிகட்டி இரை தேடுபவை. நீரிலுள்ள கழிவும் கிருமியும் அவற்றின் உடலில் தங்கிவிடும். கிருமி கொதியில் சாகலாம். ஆனால் சில நஞ்சுகள் எவ்வளவு கொதித்தாலும் அழிவதில்லை. இலவசமாய்க் கிடைத்ததென்று குழந்தைகளின் உடல்நலத்தைப் பணயம் வைக்கலாகாது.

இன்னுமொன்று. ஸ்ரீரங்கத்தில் நம் அண்டை வீட்டார் பலர் புலால் உண்ணாதவர். வெறும் ஓடு அன்றைக்கே நாறத் தொடங்கும். அதைத் தெருவிலோ ஆற்றிலோ எறியாமல், தோட்டத்தில் ஆழப் புதையுங்கள். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய மரபினரன்றோ நாம்? மண்ணுக்கும் அது பயன்படும்.

பிரெஞ்சுக் குடும்பங்கள் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து, வெற்று ஓட்டையே இடுக்கியாகக் கொண்டு சதையை எடுத்துண்பர். நமக்குக் கைவிரல்கள் உள்ளன. சுற்றி அமரும் வழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்வோம்.