ஒட்டலை வெட்டினால் முடிந்ததா?

“கேமரா விட்டு ஒட்டலை வெட்டியாச்சு, இனிமேல் பயமில்லை.” கர்ப்பப்பைக்குள் தழும்பு ஒட்டி, சிகிச்சை முடித்து வந்த பெண்ணின் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். திருப்பத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் இதே பேச்சுதான். பாதிதான் உண்மை.

ஆஷர்மன் என்ற மருத்துவர் 1948-ல் விரிவாக எழுதிய இந்நோய் பெரும்பாலும் கருக்கலைவுக்கோ பிரசவத்துக்கோ பிறகு ‘கிளீன்’ செய்யும்போது கருப்பையின் அடிப்படலம் சுரண்டப்படுவதால் வருகிறது. நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். கருப்பை ஊதாத பலூன் மாதிரி; முன்சுவரும் பின்சுவரும் எப்போதும் தொட்டபடியே இருக்கும். தழும்பை வெட்டிய இடம் பச்சைப்புண். அதன்மேல் புதுப்படலம் வளர்வதற்குள் எதிர்ச்சுவர் ஒட்டிவிடலாம். லேசான ஒட்டல் திரும்புவது குறைவு. கடுமையானதோ, ஆய்வுகளைப் பொறுத்து, ஐந்தில் ஒருவருக்கு முதல் பத்தில் ஆறு பேருக்கு வரை திரும்புகிறது.

“அப்படியென்றால் டாக்டர் சரியாக வெட்டவில்லை.” கைத்திறன் முக்கியம்தான். ஆனால் நல்ல கை வெட்டினாலும் அடிப்படலம் அழிந்த இடத்தில் புதிதாக முளைக்க எதுவும் இல்லை. காசநோய் தின்ற கருப்பையில் இது இன்னும் கடினம். இன்னொரு பழி பெண்மேலேயே விழுகிறது: ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றாள், குடம் தூக்கினாள், சூட்டுப் பண்டம் தின்றாள். இவற்றுக்கும் ஒட்டலுக்கும் சம்பந்தமே இல்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. அதனால் பாலாறு கெட்டது நிஜம். 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. ஆனால் அந்தக் கோபத்தை இங்கே கொண்டுவர முடியாது. ஒட்டலுக்கு மருத்துவம் அறிந்த காரணங்களில் கழிவுநீர் இல்லை.

“நின்றிருந்த மாதவிலக்கு திரும்ப வந்துவிட்டதே!” இதுதான் அதிகம் ஏமாற்றுகிற வாதம். ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் ரத்தப்போக்கு வரும். உள்ளே திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஓரிரு மாதத்தில் மறுபடி ஹிஸ்டிரோஸ்கோப்பி (கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, மெல்லிய புது ஒட்டல் தடிக்கும் முன்பே பிரித்துவிடச் சொல்கிறார்கள். இடையில் சுவர்களைப் பிரித்துவைக்க பலூன் அல்லது ஜெல், படலம் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவதும் உண்டு. மறுபரிசோதனைக்கான அந்த இரண்டாவது பயணத்தைத்தான் நம் ஊரில் விட்டுவிடுகிறார்கள். காட்பாடிக்கு ரயிலேறி வேலூர் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. ரத்தப்போக்கு வந்துவிட்டதால் போகவும் தோன்றுவதில்லை.

கர்ப்பம் தரித்தாலும் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாகப் பதியும் அபாயம் உண்டு. பழைய சிகிச்சை விவரத்தை முதல் ஸ்கேனுக்குப் போகும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்குத் தெரியக்கூடாதென்று மறைத்த கோப்பு பிரசவ அறையில் உதவாது.