நல்லினம் என்பது எது?

எங்கள் ஊரில் மாடு வளர்ப்பவர்கள் இரண்டு சொற்களைப் பாவிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பசுவையும் அதன் வழியில் வந்ததையும் ‘நல்லினம்’ என்பார்கள். காலங்காலமாக இங்கே இருப்பதை ‘நாட்டு மாடு’ என்பார்கள். ஒன்று நல்லினம் என்றால் மற்றது என்ன இனம் என்று சிறு வயதில் ஒருநாள் மூத்தாப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அத மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும் மகள்” என்றார்.

இறக்குமதிப் பசு சிறந்ததா, நமது மண்ணில் வளர்ந்த பசு சிறந்ததா என்பது பலருக்கு ஒரு பட்டிமன்றத் தலைப்பாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது உம்மாவின் இரண்டு காப்புகளோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

2021ஆம் ஆண்டு பால்மாவுக்காகக் கடை கடையாக அலைந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது வாப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூத்தாப்பாவின் பட்டியில் பதினொரு நாட்டு மாடுகள் இருந்தன. ஒரு மாடு ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர்தான் கறக்கும். ஒரேயொரு நல்லினப் பசு அவ்வளவு பாலையும் தனியாகத் தந்துவிடும் என்று வாப்பா கணக்குப் போட்டார். உம்மாவின் காப்புகளை அடகு வைத்து, அடுத்த வருடம் பெப்ரவரியில் மலைநாட்டிலிருந்து ஒரு பிரீசியன் பசுவைக் கொண்டுவந்தார். கறுப்பும் வெள்ளையுமாக, மூத்தாப்பாவின் மாடுகளைப் போல இரண்டு மடங்கு உயரமாக அது நின்றது. ஊரே வந்து பார்த்தது. மூத்தாப்பா மட்டும், “எல்லாம் சரி மகன், இதுக்கு நம்மட கச்சான் காத்தத் தெரியுமா?” என்று கேட்டார்.

முதல் மாதம் அது பதினான்கு லீற்றர் கறந்தது. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜூன் மாதம் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பசு நிழலை விட்டு நகரவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தீனி பாதியாகக் குறைந்தது. பால் ஐந்து லீற்றருக்கு இறங்கியது. அந்த நாட்களில்தான் மாட்டுத் தீனியின் விலையும் ஏறிக்கொண்டே போனது. ஓகஸ்டில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மிருக வைத்தியர் இரண்டு தடவை வந்து ஊசி போட்டும் காப்பாற்ற முடியவில்லை. அதே வளவில், அதே உண்ணிகளோடு நின்ற நாட்டு மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இதற்கான காரணம் எனக்கு விளங்கியது. பிரீசியன் பசு ஒல்லாந்து, வடஜேர்மனிப் பக்கத்துக் குளிரில் உருவான இனம். வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது சிரமப்படத் தொடங்கும். பசு அதிகமாகப் பால் தரவேண்டுமானால் அதிகமாகத் தின்னவேண்டும். தின்றது இரைப்பையில் சமிக்கும்போது உடலுக்குள் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற வெளியே குளிர்ச்சி வேண்டும். நுவரெலியாவில் அது கிடைக்கிறது. அங்கே சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகைதான். ஆகவே அம்பேவெலப் பண்ணையில் ஐரோப்பிய இனங்கள் நன்றாக வாழ்கின்றன. எமது கரையோரத்தில் 35 பாகை வெயிலில் அதே பசு என்ன செய்யும்? நமது மாட்டுக்குத் திமிலும் கழுத்தின் கீழ் தொங்கும் தோலும் குட்டை மயிரும் உண்டு. அது வெயிலைத் தாங்கும், உண்ணியைத் தாங்கும், அறுவடை முடிந்த வயலில் மேய்ந்தே காலம் தள்ளும்.

இது எங்கள் வளவில் மட்டும் நடந்த கதையல்ல. 20,000 கறவைப் பசுக்களை இறக்குமதி செய்யும் திட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டு ஒஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஏறக்குறைய 5,000 பசுக்கள் இலங்கைக்கு வந்தன. அவற்றைக் கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர்கள் பலர் நோய், மரணம், எதிர்பார்த்த பால் கிடைக்காமை என்று முறையிட்டார்கள்.

அப்படியென்றால் இறக்குமதியே வேண்டாமா? அப்படிச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட நாம் இங்கே உற்பத்தி செய்யவில்லை. ஒன்றரை லீற்றர் பாலை வைத்து ஒரு குடும்பம் பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாது. “நம்மட மாடுதான் நல்லம்” என்று சொல்லிக்கொண்டு கடையில் வெளிநாட்டுப் பால்மாப் பக்கற்றை வாங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? வாப்பா ஆசைப்பட்டது பிழையல்ல. பாலைப் பார்த்தவர், அந்தப் பால் எந்தக் காலநிலையில், எந்தப் புல்லில் வந்தது என்பதைப் பார்க்கவில்லை. அதை அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

நாம் நல்லினம் என்று கொண்டாடும் ஜேர்சிப் பசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஒரு சின்னஞ்சிறிய தீவு. எமது அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே அதுபோலப் பல தீவுகளை வைக்கலாம். அந்தத் தீவு மக்கள் 1789ஆம் ஆண்டு வெளியிலிருந்து மாடு கொண்டுவருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தங்கள் மாடுகளுக்குள்ளேயே நல்லவற்றைத் தெரிந்து பெருக்கினார்கள். 1866இலிருந்து எந்தப் பசுவின் கன்று எது என்று பதிவேடு வைத்தார்கள். அவர்களுக்கு ஜேர்சி இறக்குமதி மாடல்ல, வீட்டு மாடு. ஒரு நாட்டு மாட்டை மக்கள் பல தலைமுறை கவனித்து வளர்த்ததால்தான் அது உலகத்துக்கு நல்லினம் ஆனது.

இன்னொன்றையும் கேளுங்கள். நாம் ஒஸ்திரேலியாவிடம் பசு வாங்கினோம். அதே ஒஸ்திரேலியர்கள் 1950களில் தங்கள் வெப்பமான பிரதேசங்களுக்காகப் பாகிஸ்தானிலிருந்து சாஹிவால், செஞ்சிந்தி மாடுகளைக் கொண்டுபோய் ஜேர்சியோடு கலந்து ஒரு புதிய இனத்தை உருவாக்கினார்கள். பிரேசில் நாட்டவர்கள் இந்தியாவின் குஜராத்திலிருந்து கிர் மாட்டைக் கொண்டுபோய்ப் பிரீசியனோடு கலந்து ‘ஜிரோலாண்டோ’ என்ற இனத்தை உண்டாக்கினார்கள். அவர்களும் வெளியிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் தங்கள் வெயிலுக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்தார்கள்; எடுத்ததைத் தங்கள் மண்ணிலேயே வளர்த்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். நமது சூட்டுப் பிரதேசங்களுக்கு முழு ஐரோப்பிய இனப் பசுவைக் கொண்டுவருவது ஏழைப் பண்ணையாளனைக் கடனில் தள்ளும். நமது மாட்டில் வெளியினத்தின் இரத்தத்தை அளவோடு கலந்து, இங்கேயே கன்றை வளர்த்தெடுப்பதுதான் எங்களுக்கு ஏற்ற வழி. அதற்குக் கப்பலில் மாடு வரத் தேவையில்லை. செயற்கை முறைச் சினைப்படுத்தல் போதும். இரண்டாவது, ஒரு பசுவை அது முதல் மாதத்தில் தரும் பாலை வைத்து மதிப்பிடக் கூடாது. அது எத்தனை வருடம் வாழ்ந்தது, எத்தனை கன்று ஈன்றது, தீனிச் செலவு போக என்ன மிஞ்சியது என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, மேய்ச்சல் தரையைக் காப்பாற்றவேண்டும். புல் இல்லாத ஊரில் எந்த இனமும் நல்லினமல்ல.

பெற்றோரே, உங்களில் பலரும் மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்கள். அடுத்த தடவை ஒருவர் வந்து “இது வெளிநாட்டு இனம்” என்று விலை கூட்டிச் சொன்னால், அதன் தாய் எந்த ஊர் வெயிலில் வளர்ந்தது, எத்தனை கன்று ஈன்றது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிரீசியன் பசு இறந்த பிறகு மூத்தாப்பாவின் செவலைப் பசுவுக்கு மிருக வைத்தியரைக் கொண்டு ஜேர்சி விந்தை ஏற்றினோம். பிறந்த கிடாரிக் கன்று மூன்று வருடம் எங்கள் வளவிலேயே வளர்ந்தது. அதற்குத் தாயின் நிறமும் தகப்பன் வழியின் பெரிய கண்களும் வாய்த்திருக்கின்றன. இப்போது அது முதற்கன்று ஈன்று, காலையும் மாலையுமாக ஆறு லீற்றர் தருகிறது. புல், வைக்கோல், கொஞ்சம் தவிடு. அவ்வளவுதான் அதன் சாப்பாடு. போன கச்சானில் அது மற்ற மாடுகளோடு வெயிலில் நின்று மேய்ந்தது.

உம்மாவின் காப்புகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றதும் அடுத்த வருடத்துக்குள் வரும், இன்ஷா அல்லாஹ். என்னுடைய பழைய கொப்பி ஒன்றில் அந்தப் பசு தரும் பாலின் அளவை ஒவ்வொரு நாளும் எழுதிவருகிறேன். அதன் கன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.