ஸ்கேன் எடுக்கக்கூடாதா?

எங்கள் தெருப் பையன் ஒருவன். வயது 23. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டியவன் வீடு வந்து சேரவில்லை. வேன் டிரைவர், "நான் இடிக்கலை சார், அவனாத்தான் வந்து விழுந்தான்" என்றாராம்.

மார்ச்சுவரி வாசல் வேப்பமரத்தடியில் காலை எட்டிலிருந்து காத்திருந்தோம். ஸ்டேஷனுக்கு ஒருவர், ஜெராக்ஸுக்கு ஒருவர், டீக்கு நாலு பேர். (டீ வாங்க மட்டும் ஆள் எப்படியோ கிடைத்துவிடுகிறது.) பையனின் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவசியம் அறுக்கணுமா சார்? எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுக்கறாங்களே, இதுக்கு எடுக்கக்கூடாதா?"

பதில் தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அப்புறம் படித்துப் பார்த்தால், அந்தம்மாவின் கேள்வியை சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து டாக்டர்கள் 1990களின் கடைசியிலேயே கேட்டுவிட்டிருக்கிறார்கள். டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி கோஷ்டி. 'விர்டாப்ஸி' என்று பெயர். 40 உடல்களை சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு அறுத்தும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு 2003-ல் எழுதினார்கள். "ஆடாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. கதிர்வீச்சு பயமும் கிடையாது.

விபத்துக் கேஸ்களில் இதற்குத் தனி மவுசு. இடுப்பெலும்பு, முதுகெலும்பு என்று கத்தி சுலபமாகப் போகாத இடத்து முறிவெல்லாம் படத்தில் தெரிந்துவிடும். ரத்தக்குழாயில் புகுந்த காற்று, அறுத்தால் போன இடம் தெரியாது. ஸ்கேனில் அப்படியே கறுப்பாக நிற்கும்.

என்னை அசத்தியது கால் எலும்பு. பம்பர் இடித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு சில சமயம் ஆப்பு மாதிரி பிளக்கும். ஆப்பின் அகலப் பக்கம் வண்டி இடித்த பக்கம். கூர்முனை வண்டி போன திசை. மெஸ்ஸரர் என்ற ஜெர்மன்காரர் 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தது. குதிகாலிலிருந்து முறிவு எத்தனை உயரம் என்று அளந்து பம்பரோடு ஒப்பிடலாம். பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு தாழுமாகையால், டிரைவர் பிரேக்கைத் தொட்டாரா என்பதற்கும் ஒரு துப்பு. 'அவனாத்தான் விழுந்தான்' என்பதற்கு அந்த ஆப்பு என்ன சொல்லியிருக்குமோ!

ஆனால் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. டிரைவர் மோதியதால் செத்தாரா, மாரடைப்பு வந்து மோதினாரா என்றால் சாதாரண சி.டி. முழிக்கும். இங்கிலாந்தில் பல காரணங்களால் இறந்த 182 பேரைப் பரிசோதித்து 2012-ல் 'லான்செட்'டில் எழுதினார்கள். மரணக் காரணத்தில் சி.டி.க்கும் அறுவைக்கும் 32 சதவிகிதம் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் கோட்டை விட்டது இதய நோயில்.

நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸில் 2021-ல் இதற்கென்று ஒரு மையம் திறந்தார்கள். 2022-ல் மட்டும் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். உயிரோடிருப்பவனுக்கே ஸ்கேனுக்கு டோக்கன் போட்டு உட்காரவைக்கிற ஊரில், இவர்களுக்கு யார் மெஷினை ஒழித்துத் தருவது?

அன்றைக்கு நாலரை மணிக்கு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தம்மா முகத்தை மட்டும் பார்த்தார். துணியை விலக்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும்போது எதிரே பெரிய போர்டு: '24 மணி நேர சி.டி. ஸ்கேன் வசதி உண்டு.' அவரும் அதைப் படித்தார் என்று நினைக்கிறேன்.