புல்மோட்டை மணலும் முதியோர் இடுப்பும்

உப்புவெளியிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி கடந்து செல்லும் வீதி புல்மோட்டையை அடைகின்றது. அங்கே கரையிற் கிடக்கும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன் ஆகிய மூன்றும் உள. முன்னிரண்டும் டைட்டானியத்தின் தாதுக்கள். மூன்றாவது சிர்க்கோனியத்தின் தாது. 1957இல் அரசாங்கம் கனிமணற் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. போர் தடுத்த காலம் நீங்கலாக, அம்மணல் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியே வந்துள்ளது.

இதற்கும் இடுப்பு நோவால் வரம்பில் நடக்க மாட்டாத கமக்காரருக்கும் தொடர்பு யாது என வாசகர் வினவலாம். நேரான தொடர்பு உண்டு. தேய்ந்த மூட்டுக்குப் பதிலாக வைக்கப்படும் செயற்கை மூட்டிலே, தொடையெலும்பினுள் இறங்கும் தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலப்புலோகத்தாலானது. கோபால்ட் கலப்புலோகத்தினும் அதன் விறைப்பு ஏறக்குறையப் பாதியே. விறைப்பு மிகுந்த தண்டு பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ள, வேலையிழந்த எலும்பு மெலிந்துபோகும். தண்டின் தலையிலுள்ள குண்டோ, இன்று பலருக்கு அலுமினாவும் சிர்க்கோனியாவும் கலந்த பீங்கானாற் செய்யப்படுகின்றது. தனி அலுமினா எளிதில் தேயாது. ஆனால் வெடித்துச் சிதறக்கூடும். சிர்க்கோனியாத் துகள் கலந்தால், வெடிப்பு ஓடிவரும் இடத்தில் அத்துகள் சற்றே பருத்து அதை நெரித்து நிறுத்துகின்றது. அந்தச் சிர்க்கோனியாவின் தாதுதான் நம் கரையிற் கிடக்கின்றது!

மணலை அள்ளிக் கொடுத்துவிட்டு மூட்டை டாலர் கொடுத்து வாங்குகிறோம். 2022இல் டாலர் வற்றியபோது பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. எங்கள் மாவட்டத்து முதியவர் எங்கே போவார்?

மணலை ஓராண்டில் மூட்டாக்கிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. மருத்துவத் தரத்துக்கு அதைத் தூய்மையாக்கப் பெருமூலதனமும் மின்சாரமும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும். கழிவு கடலிற் கலவாதிருக்கக் காவலும் வேண்டும். ஆயினும் இத்தகைய மணலே கிடக்கும் கேரளத்துச் சவறாவில், 2011இல் ஆண்டுக்கு 500 தொன் டைட்டானியப் பஞ்சுலோகம் செய்யும் ஆலை திறக்கப்பட்டது. இந்திய விண்வெளித் துறையின் தேவைக்காக, ஹைதராபாத் உலோக ஆய்வுகூடத்தின் நுட்பத்தைக் கொண்டு எழுந்தது அது. அவர்களுக்கு இயன்றதன் முதற்படியேனும் நமக்கு இயலாதா?

நாம் கேட்பது சட்டத்துக்குட்பட்டதே. மணல் விற்பனை ஒப்பந்தங்கள் பகிரங்கமாக்கப்படல் வேண்டும். நெடுங்கால ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், ஒரு பங்கு மணல் இங்கேயே பதப்படுத்தப்படும் என்ற நிபந்தனை எழுதப்படல் வேண்டும். கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இதற்கென ஓர் ஆய்வுகூடம் வேண்டும். அதுவரையில், மணல் வருவாயில் ஒரு பகுதி திருகோணமலை வைத்தியசாலைக்கு மூட்டுகள் வாங்க ஒதுக்கப்படட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்நான்கையும் எழுத்திற் கேளுங்கள். மறுமொழியையும் எழுத்திலேயே பெறுங்கள்.