பெட்டிக்கு இடமுண்டு, பாட்டிக்கு?

கோடை விடுமுறை நெருங்குகையில் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகின்றது. “இவ்வாண்டாவது சென்னைக்குப் போய் வருவோமா?” பிள்ளைகள் கடற்கரையைக் கேட்கின்றனர். தந்தைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காட்ட ஆசை. தாய்க்குச் சாந்தோம் பேராலயத்திலும் பரங்கிமலையிலும் சற்று நேரம் மண்டியிட வேண்டும். நாளும் குறித்தாகிவிடுகின்றது. இறுதியில் ஒருவர் மெல்லச் சொல்கிறார்: “பாட்டி வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமே.”

பாட்டியும் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிடுகிறார். அவருக்கு உடல் நலமில்லை என்பதன்று காரணம். பணமில்லை என்பதும் பல வீடுகளில் காரணமன்று. மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு, அவரையும் எப்படி ஏற்றி இறக்குவது என்னும் மலைப்புத்தான் உண்மைக் காரணம். சுருங்கச் சொன்னால், பெட்டிகள் ஏறுவதற்காகப் பாட்டி இறக்கிவிடப்படுகிறார். இது வேண்டுமென்றே செய்யும் கொடுமையன்று, திட்டமிடாமையால் விளைவது. ஆகவே திட்டமிட்டால் மாற்றவும் கூடியது.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை 1929ஆம் ஆண்டில் வந்தது. மறு ஆண்டு மானாமதுரை வரை நீண்டது. இன்று நம் மாவட்டத்தார் வண்டி மாறாமலே சென்னை சேரலாம். தொலைவு ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். புதுக்கோட்டை வண்டி புறப்படும் நிலையமன்று, வழியிலுள்ள நிலையம். சென்னை வண்டிகள் இங்கே இரண்டொரு நிமிடங்களே நிற்கின்றன. நம் பயணத் திட்டம் முழுவதும் அந்த இரண்டு நிமிடங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரயில்வே விதியைப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் படுக்கையில் செல்லும் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். அமர்ந்து செல்லும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதிற் பாதி. பெட்டியின் அளவும் 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம் ஆகியவற்றைத் தாண்டலாகாது. பாட்டி, தாய், தந்தை, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன் என ஐவர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். படுக்கை வகுப்பில் நால்வருக்கு 160 கிலோ, சிறுவனுக்கு 20 கிலோ, ஆக 180 கிலோ. விதி தாராளமாகத்தான் இருக்கின்றது. ஆனால் 180 கிலோவை இரண்டு நிமிடத்தில் ஏற்றுவதற்கு விதி வழி சொல்லவில்லை.

எனவே நாம் கிலோவைக் கணக்கிட வேண்டா, கைகளைக் கணக்கிடுவோம். ஐவருக்குப் பத்துக் கைகள். பாட்டியின் ஒரு கை வண்டியின் கைப்பிடியைப் பற்ற வேண்டும்; மறு கை ஒருவர் தோளில் இருக்க வேண்டும். அவர் இரண்டு கைகளும் கணக்கில் இல்லை. சிறுவனின் ஒரு கை தாயின் கையில். ஆகவே தாய்க்கு மீந்தது ஒரு கை. வண்டியில் ஏற யாருக்கும் ஒரு கை வெறுமையாக இருந்தாக வேண்டும் என்பதால் தந்தைக்கும் மகளுக்கும் ஒவ்வொரு கையே மிஞ்சும். இப்படிப் பார்த்தால் கையில் தூக்கக்கூடியவை மூன்றே பைகள். பிள்ளைகள் முதுகில் மாட்டும் பைகள் இரண்டு. ஆக ஐந்து. ஆறாவது பை எதுவாயினும் அது பாட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பை என்று அறிக.

ஐந்து பைகளுக்குள் ஐவர் செல்வது இயலுமா என்பீர்கள். இயலும். நான்கு நாள் பயணத்திற்கு ஆளுக்கு மூன்று மாற்றுடை போதும்; தங்கும் இடத்தில் இரவில் அலசிப் போட்டால், சென்னையின் கோடை வெயில் காலைக்குள் உலர்த்திவிடும். போர்வை ஆளுக்கொன்று வேண்டா. பெரியவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. அடுக்குப் பாத்திரம் முதல் உணவு வேளை முடிந்ததும் வெறுஞ்சுமை. வாழையிலைப் பொட்டலமாகக் கட்டினால் உண்டதோடு சுமை தீரும். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு புட்டி போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

உறவினர் வீட்டுக்குக் கொண்டு செல்லும் பண்டங்கள்தாம் பெருஞ்சிக்கல். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாப்பழம் கோடையில்தான் கனிகின்றது. சென்னையிலுள்ள தங்கைக்கு அதைக் கொண்டு செல்லாமல் எந்த அண்ணனுக்கு மனம் வரும்? ஆனால் முழுப்பழம் ஒன்று பத்துக் கிலோவை எளிதில் தாண்டிவிடும். அதிற் பெரும்பகுதி தோலும் சக்கையுமே. சுளையாக எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்தால் சுமையும் குறையும், உடன் பயணம் செய்வோரும் முகஞ்சுளியார். இல்லையேல் ஆதனக்கோட்டை முந்திரிப்பருப்பு அரைக்கிலோ போதும். அன்பு எடையால் அளக்கப்படுவதன்று. அரிசி மூட்டை கொடுத்தே தீர வேண்டுமாயின், லாரிப் பார்சல் நிலையத்தில் முன்னரே போட்டுவிடுவது நல்லது.

சுமையை முன்னே அனுப்பிவிட்டு மனிதர் பின்னே செல்வது பிற நாடுகளில் பழகிய வழக்கம். இங்கிலாந்தில் கடற்கரை நகரங்களுக்கு விடுமுறை செல்லும் குடும்பங்களின் பெட்டிகளை, இரயில் நிறுவனங்களே வீட்டில் வந்து பெற்று, தங்கும் விடுதியில் முன்கூட்டியே சேர்த்துவிடும் ஏற்பாடு பல்லாண்டுகள் இருந்தது. ஜப்பானில் 1976ஆம் ஆண்டு தொடங்கிய வீட்டுக்கு வீடு பார்சல் முறை இன்றும் அப்பணியைச் செய்கின்றது. மக்கள் கைவீசிக்கொண்டு இரயிலேறுகின்றனர். நம் இரயில்வேயிலும் பெரும் பெட்டிகளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து சரக்குப் பெட்டியில் அனுப்பலாம். ஆனால் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும் ஊரில் ஒரு குடும்பப் பயணத்திற்கு அதை நம்பியிருத்தல் அரிது. நமக்கு ஏற்ற வழி, சுமையைக் குறைப்பதே.

அடுத்து, எந்த வண்டி? பல்லவன் விரைவு வண்டி காரைக்குடியில் விடியற்காலையில் புறப்பட்டுப் புதுக்கோட்டை வழியாக நண்பகலை ஒட்டிச் சென்னை சேர்கின்றது. அமர்ந்து செல்லும் வண்டியாதலால் மேற்படுக்கை ஏறும் தொல்லையில்லை. ஆனால் ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்தார் கோழி கூவுமுன் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். இராமேசுவரத்திலிருந்து வரும் வண்டிகள் இரவு வண்டிகள். இவற்றில் நாளைக் கவனியுங்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணி கடந்து நம் ஊருக்கு வரும் வண்டிக்கு மறுநாள் தேதியே உரியது. சனிக்கிழமை இரவு என்று நாம் நினைப்பது, சீட்டில் ஞாயிறு என்றிருக்கும்.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. மலைக்கோட்டை விரைவு வண்டி திருச்சியிலேயே புறப்படுகின்றது. புறப்படும் நிலையத்தில் வண்டி முன்னதாகவே வந்து நிற்குமாதலால், முதியவர் பதற்றமின்றிப் படியேறலாம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு இதுவே ஏற்றது. திருச்சி வரை பேருந்தில் செல்வோர், 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டதை மறவாமல், தம் பேருந்து எங்கே நிற்கும் என்று முன்னரே கேட்டறிக. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிச் சந்திப்புக்குப் பயணிகள் இரயிலில் சென்றால் அந்த அலைச்சலும் இல்லை.

முன்பதிவில் காலந்தாழ்த்தலாகாது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. மே 10ஆம் தேதி பயணத்திற்கு மார்ச் 11 காலை எட்டு மணிக்கே முன்பதிவு தொடங்கிவிடும். திரும்பும் பயணத்திற்கும் அதற்குரிய நாளைக் குறித்து வையுங்கள். போகச் சீட்டு வாங்கி, வரச் சீட்டின்றித் தவிப்போர் பலர். அறுபது வயது நிரம்பிய ஆண்களுக்கும், நாற்பத்தைந்து நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் பதிந்தால்தான் அது பொருந்தும். ஐவரையும் ஒரே சீட்டில் எழுதினால் பாட்டிக்கு அந்த ஒதுக்கீடு கிட்டாது. அவருக்கு மட்டும் தனிச்சீட்டு எடுக்கலாம். வேறு கோச்சில் இடம் விழுந்தால், வண்டியில் ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ளக் கனிவாகக் கேட்க வேண்டியிருக்கும். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டமையால் செலவை முழுக் கட்டணமாகவே கணக்கிடுக.

இனி அந்த இரண்டு நிமிடம். அரைமணிக்கு முன்பே நிலையம் சேர்ந்து, நம் கோச் நடைமேடையில் எங்கே வந்து நிற்கும் என்று கேட்டு, அங்கேயே நில்லுங்கள். ஏறும் வரிசையை முன்னரே சொல்லி வையுங்கள். முதலில் மகள் ஏறிக் கைகொடுக்கட்டும், அடுத்துப் பாட்டி, பின் சிறுவனும் தாயும், தந்தை கீழே நின்று பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு இறுதியில் ஏறட்டும். முதலில் மனிதர், பிறகு பை. இவ்வரிசையை மாற்றாதீர்கள். ஒரு பை நடைமேடையிலேயே தங்கிவிட்டால் நட்டம் சில நூறு ரூபாய். அவசரத்தில் முதியவர் கால் தவறினால் அந்த நட்டத்திற்கு ஈடில்லை. நம் கோச் எட்டி நின்றுவிட்டால் பாட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டா. அருகிலுள்ள முன்பதிவுக் கோச்சில் ஏறிவிட்டு, உள்வழியே மெல்ல நடந்து செல்லலாம். மருந்துகள், கண்ணாடி, அடையாள அட்டை இவை மூன்றும் பெட்டிக்குள் போகாமல் பாட்டியின் மடிப்பையிலேயே இருக்கட்டும்.

சென்னையில் எங்கே இறங்குவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்க. தங்குமிடம் பரங்கிமலை, குரோம்பேட்டைப் பக்கமாயின் எழும்பூர் வரை சென்று திரும்புவது வீண். தாம்பரத்தில் இறங்கினால் மின்வண்டி கிடைக்கும். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணிகளை முன்னிட்டுச் சில வண்டிகள் தாம்பரத்துடன் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆதலால் புறப்படுமுன் 139 என்னும் எண்ணில் விசாரித்துக்கொள்க. காலை எட்டு முதல் பத்து மணி வரை அலுவலகம் செல்வோர் கூட்டத்தில் பைகளோடு மின்வண்டியில் ஏறாதீர்கள். நிலையத்திலேயே முகங்கழுவிச் சிற்றுண்டி அருந்தி, நெரிசல் தணிந்தபின் செல்வது நன்று. திரும்பும் நாளில் காலையே அறையைக் காலி செய்துவிட்டு மாலை வண்டிக்குக் காத்திருப்போர், பெரிய நிலையங்களிலுள்ள கிளோக் ரூம் என்னும் பொருள் காப்பறையைப் பயன்படுத்தலாம். அங்கே பூட்டிய பெட்டிகளையே பெற்றுக்கொள்வர். கட்டைப்பைக்குப் பூட்டில்லை என்பதைப் பை வாங்கும்போதே நினைக்க வேண்டும். ஞாயிறு இடையில் வருமாயின் அன்று எந்தக் கோவிலில், எத்தனை மணித் திருப்பலி என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதையும் எண்ணிப் பாருங்கள். இரவில் புதுக்கோட்டையில் இறங்கும்போது கிராமத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போயிருக்கக்கூடும். தெரிந்த ஆட்டோக்காரரிடம் முன்னரே சொல்லி வைத்தால், பாட்டி பேருந்து நிலையத்து இருக்கையில் விடியும்வரை கண்விழிக்க நேராது. சென்னையில் வாங்கும் பொருள்களுக்கும் ஐந்து பை விதியே பொருந்தும். போகும்போது ஒரு பையைக் கால்பங்கு வெறுமையாக விட்டுச் செல்லும் தாய்மார் அறிவுடையோர்.

சுமைகூலிக்குக் கொடுக்கும் நூறு, இருநூறு ரூபாயை வீண்செலவென எண்ணற்க. படியில் பாட்டிக்குக் கைகொடுக்க ஒரு மகனின் கை வெறுமையாக இருப்பதற்கு அது விலை. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பயணம் செய்யக்கூடிய ஆண்டுகள் பல இருப்பதில்லை. பேரன் கடலை முதன்முதலாகக் காணும்போது பாட்டி அருகில் நிற்பது பிற்காலத்தில் ஏற்பாடு செய்யக்கூடிய காரியமன்று.

ஆகவே ஒன்று செய்யுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பைகளையெல்லாம் கட்டிக் கூடத்தில் வையுங்கள். ஒவ்வொருவரும் தமக்குரியதை எடுத்துக்கொண்டு, பாட்டியையும் கைபிடித்து, வாசற்படி இறங்கித் தெருமுனை வரை சென்று திரும்பி வாருங்கள். யாருக்கு மூச்சு வாங்குகின்றதோ, அவர் பையைத் திறந்து பாதியை வெளியே எடுங்கள். எடுக்க மனம் வராத பொருள் எதுவாயினும், அதையே வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டி உடன் வரட்டும்.