நிமோனியாவைக் கண்டதா, ஆஸ்பத்திரியைக் கண்டதா?

2016-ல் ஜெஃப்ரி ஹிண்டன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: எக்ஸ்ரே, ஸ்கேன் படிக்கும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தே ஆண்டில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று. அந்த ஐந்து ஆண்டு எப்போதோ போய்விட்டது. டாக்டர்கள் இன்னும் அதே நாற்காலியில்தான்!

ஏன்? 2018-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கினார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் படங்களில் 34 சதவீதம் நிமோனியா. மற்ற இரண்டு இடங்களின் படங்களில் சுமார் 1 சதவீதம்தான். படம் எந்த ஆஸ்பத்திரியுடையது என்பதைக் கணினி கிட்டத்தட்டப் பிசகாமல் சொன்னது. அப்புறம் என்ன? நுரையீரலைப் பார்க்காமல், ஆஸ்பத்திரியை வைத்து ஊகித்தாலே நல்ல மார்க்! பழகாத ஆஸ்பத்திரிப் படங்களைக் காட்டியபோது, ஐந்து ஒப்பீடுகளில் மூன்றில் மார்க் இறங்கியது.

குற்றம் கணினிமேல் இல்லை. போன வருடக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்தவனுக்கு முதல் ரேங்க் கொடுத்தவர்கள்மேல்தான். "99 சதவீதம் துல்லியம்" என்று கூவி விற்பவர்களிடம் ஒரே கேள்வி போதும்: அது எந்த ஆஸ்பத்திரிப் படத்தில் வாங்கிய மார்க்? பதில் வராதவரை அந்தப் பெட்டியை வார்டுக்குள் விடக் கூடாது. பரீட்சையில் தோற்றால் அடுத்த வருடம் எழுதலாம். நோயாளிக்கு அந்த வசதி இல்லை.