வாய்ச்சொல் வந்தது, தேர்தல் நாள் எங்கே?

இலங்கையில் இனவாத அரசியலுக்கு இனி இடமில்லை என்று 2024 நவம்பர் 21 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார் புதிய குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க. வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, வாயால் சொல்லும் விலை வேறு, தராசு காட்டும் எடை வேறு என்பது நம் வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டை சுமப்பவருக்கும் தெரியும்.

1987 ஒப்பந்தத்தால் பிறந்தவை மாகாண சபைகள். அந்த ஒப்பந்தத்தை மூர்க்கமாக எதிர்த்தது அவருடைய ஜே.வி.பி.தானே! வடக்கு மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. பிறகு அங்கே கவர்னர் ராஜ்யம். அவர் பேசிய நாளில், எந்த மாகாணத்திலும் தேர்தல் நடந்து பத்தாண்டு கடந்திருந்தது.

வலுவில்லை என்பாரா? 225இல் 159 இடம் அவர் அணிக்கு! யாழ்ப்பாண மாவட்டமே ஆறில் மூன்றைத் தந்ததே! அந்த மக்களுக்குத் தேர்தல் நாளைக் குறித்துவிட்டல்லவா பேசியிருக்க வேண்டும்?